ஜெர்மனிக்குப் போன விதைக்கோட்டை

வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய கேமரா அனுப்புகிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "ஏன், அங்கல்லாம் கேமரா கெடைக்காதா?" இரண்டாவது கேள்வி குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும். "உள்ள என்னத்த வச்சு அனுப்புற?" தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து கனமான பொட்டலம் ஒன்று கப்பலேறுகிறது என்றால் அதற்குள் ஒரு சாமி இருக்கும் என்பது ஜனங்களின் திடமான நம்பிக்கை. எங்கள் ஊர்ச் சாமிகள் இதுவரை போன விதம் அப்படி. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

மன்னார்குடியில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்யும் வேலை எனக்கு. எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்த படிப்புக்கு, கல்யாண ஜோடியைப் பனிமலை முன்னால் நிறுத்துவதும், மாநிறப் பெண்களைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்க வைப்பதுமாக இருந்தேன். மீதி நேரம் கட்சி பேனர். அதில்தான் மூளைக்கு வேலை. தலைவர் தலை இத்தனை பெரிது, மாவட்டம் தலை இத்தனை, ஒன்றியம் தலை இத்தனை என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒன்றியத்தின் தலை மாவட்டத்தின் தலையைவிட ஒரு நூல் பெரிதாகிவிட்டால் விடிவதற்குள் பேனர் கிழிந்திருக்கும், கிழித்தவன் யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆட்சி மாறினால் தலைகள் மாறும். அளவுகள் மாறுவதில்லை.

ஸ்டுடியோ முதலாளியை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். டிஜிட்டல் வந்தபிறகு அவருடைய பிலிம் கேமராக்கள் எல்லாம் இரும்பு பீரோவுக்குள் போய்விட்டன. வேலையில்லாத ஒரு மத்தியானத்தில் இணையத்தில் பார்த்தேன்: அதே மாடல் கேமராவை ஜப்பானில் ஒருவர் தேடிக்கொண்டிருந்தார். பாயிடம் சொன்னேன்.

"இத வாங்குறதுக்கு ஒருத்தன் இருக்கானாம்மா? கிறுக்குப் பயலா இருப்பான் போல" என்று சிரித்தார். கிறுக்கர் காசு அனுப்பினார், கேமரா போய்ச் சேர்ந்தது. அடுத்து அமெரிக்காவில் ஒரு கிறுக்கர். அதற்குப் பிறகு பாய் சிரிப்பதை நிறுத்திவிட்டு, பாபநாசத்திலும் ஒரத்தநாட்டிலும் இருந்த ஸ்டுடியோக்காரர்களுக்குப் போன் போட்டு அவர்கள் பீரோவில் என்ன கிடக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

பொருளின் நிலைமையை நேர்மையாக எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். எங்கள் ஊர்க் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது அடையாளம் உண்டு. வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, அது தோலுறையின் ஓரங்களில் இறுகிப் போயிருக்கும். பாய்க்குப் பூஜை கிடையாது. ஆனால் கல்யாண வீட்டார் பொட்டு வைக்காத கேமராவை நம்பமாட்டார்கள் என்பதால், நானும் ஸ்டுடியோவில் இருக்கும் இன்னொரு பெண்ணும் பொட்டு வைப்போம். அவர் வெளியே நின்று டீ குடித்துவிட்டு, பொரி கடலை கொடுக்கும் நேரத்துக்கு உள்ளே வருவார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒரு வெளிநாட்டுக்காரர் "இது துருவா, ரத்தமா?" என்று கேட்டிருந்தார். கொலை ஏதும் நடக்கவில்லை, பக்திதான் என்று விளக்கி எழுத எனக்கு அரைநாள் ஆனது.

இந்தத் தொழிலை என் அப்பா தொழில் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு வேலை என்றால் அரசாங்க வேலை. பண்ணையில் ஆளாகப் பிறந்து, செங்கொடி பிடித்து, அடிவாங்கி, பண்ணையார் இன்னும் பிறக்காத பேரன் பெயரில் எழுதி ஒளித்து வைத்திருந்த உபரி நிலத்திலிருந்து மூன்று மாவுக்கு, அதாவது ஒரு ஏக்கருக்கு, பட்டா வாங்கியவர் அவர். அந்த மூன்று மாவை இப்போது விற்கப்போகிறேன் என்று நின்றார். எனக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை வாங்கவாம்.

"நான் சேத்துல கெடந்தது போதும் பாப்பா. நீ நாக்காலில ஒக்காரணும்."

"ஸ்டுடியோவுலயும் நாக்காலிலதானப்பா ஒக்காந்துருக்கேன்?"

"அது சர்க்கார் நாக்காலியா?"

நிலத்தை வாங்க இருந்தவர் ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர். சுருக்கமாக ஒன்றியம் என்போம். 'உழுதவனின் உரிமைக்கு உயிரையும் உவந்தளிப்போம்' என்று மேடையில் பேசுவார். மேடையை விட்டு இறங்கியதும் உழுதவனின் நிலத்தில் மஞ்சள் கல் நட்டு, தலைவர் பெயரில் நகர் அமைத்து, பிளாட் போடுவார். எங்கள் வயலுக்கு மேற்கே அவர் கல் வந்து நின்றுவிட்டது. அமைப்பாளர் வேலைக்குக் காசு வாங்குபவரும் அவரே. ஆக, பணம் அவர் சட்டைப்பையிலிருந்து புறப்பட்டு, எங்கள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி அவர் சட்டைப்பைக்கே போய்விடும். நிலம் மட்டும் திரும்பி வராது. இதை அப்பாவுக்குப் பலமுறை விளக்கினேன். "படிச்ச புள்ள இல்ல, அப்படித்தான் பேசுவ" என்றார்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். தை வரைக்கும் பொறுப்பது. அதற்குள் என் கேமரா வியாபாரம் காலூன்றினால் நிலம் நிற்கும், இல்லையென்றால் பத்திரம். அப்பா சம்மதித்தார், எப்படியும் ஊன்றாது என்ற தைரியத்தில்.

புரட்டாசி கடைசியில் எனக்கு ஒரு ஜெர்மன்காரர் கிடைத்தார். பாயின் பீரோவிலேயே பெரியது, இரண்டு லென்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் கேமரா, ஜெர்மனியில் செய்தது. பாயின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அது பழுதில்லாமல் வந்துசேர்ந்தால் உங்களிடம் உள்ள மற்றதெல்லாம் எனக்கே வேண்டும், சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதையும் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினார். என் மூன்று மாவும் அந்த ஒரு பொட்டலத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்கு முந்தைய பார்சலில்தான் நான் மூக்குடைபட்டிருந்தேன். பழைய பேப்பரில் சுற்றி, புடவைக்கடை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பிய லென்ஸ் விரிசலோடு போய்ச் சேர, வாங்கியவர் என்னைத் திட்டி உலகத்துக்கே படிக்க எழுதி வைத்துவிட்டார். அதைக் கேட்டு அப்பா வீட்டில் நக்கலடித்தார்.

"கண்ணாடிய காயிதத்துல சுத்துனா நிக்குமா? வெதக்கோட்டைய மெத்தவீட்டு மேலேருந்து உருட்டி விட்டாலும் ஒரு நெல்லு ஒடையாது, தெரியுமா ஒனக்கு?"

விதை நெல்லை வைக்கோலில் பொதிந்து, வைக்கோலிலேயே முறுக்கிய பிரி சுற்றி உருண்டையாக இறுக்கி, மேலே சாணம் மெழுகிக் காயவைப்பார் அப்பா. அதுதான் விதைக்கோட்டை. வேளாண்மை அலுவலகம் மூட்டையில் கொடுக்கும் விதையையும் வாங்குவார், தன் திருப்திக்கு இதையும் கட்டுவார். அன்று எனக்கு நிரூபித்துக் காட்டுவதற்காக ஒரு கோழிமுட்டையை வைக்கோலில் பொதிந்து கட்டி மெத்தைவீட்டின் மேலிருந்து தெருவில் எறிந்தார். பிரித்தால் முட்டை முழுசாக இருந்தது. தெருவே கைதட்டியது. எனக்கும் புத்தி மழுங்கிவிட்டது. பாக்கிங்கை அவரிடமே ஒப்படைத்தேன்.

அவர் கட்டியது சிறிய பூசணிக்காய் அளவில் அம்சமான ஒரு கோட்டை. அன்றுதான் ஆயுத பூஜை முடிந்து கேமராவுக்குப் புதுச் சந்தனம், புதுக் குங்குமம். துடைக்கலாமா என்றதற்கு, "அது பொறந்த வீட்டுக்குப் போவுது. பொட்ட அழிச்சா அனுப்புவாங்க?" என்று கோபித்துக்கொண்டார். சாணம் காய்ந்ததும் மேலே வெள்ளைத் துணி வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை வைத்தேன். தபால் ஆபீஸ் கவுண்டரில் வைத்ததும் அது உருண்டு அந்தப் பக்கம் விழுந்தது.

கிளார்க் எடுத்து முகர்ந்து பார்த்தார். "என்னம்மா இது?"

"கேமரா சார். ஜெர்மனிக்கு."

"கேமராவ எதுல வச்சுருக்கீங்க?"

"வைக்கோல்ல" என்றார் அப்பா, பெருமையாக. "மேல சாணி மெழுவியிருக்கு."

கிளார்க் என்னைப் பார்த்தார், அப்பாவின் கால் சேற்றைப் பார்த்தார், பொட்டலத்தைத் தூக்கிக் கனம் பார்த்தார். உருண்டையாக, கனமாக, வைக்கோல் சுற்றிய ஒன்று, ஜெர்மனிக்கு. "கொஞ்சம் ஒக்காருங்க" என்று உள்ளே போனார். பத்தாவது நிமிஷத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

தபால் ஆபீசிலிருந்து ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் செய்தி டீக்கடைகளில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்திருந்தது. முதலில் அது பிள்ளையார். அடுத்த கடையில் ஐம்பொன் அம்மன். ஸ்டேஷன் வாசலில் ஐம்பொன் அம்மனும் ஒரு மரகத லிங்கமும். பாபநாசம் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்து, தங்கள் கோயில் அம்மனுக்கு இடது காதில் ஒரு சின்ன வடு இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். அப்பாவைத் தூணோரம் உட்கார வைத்தார்கள். "பட்டா கேட்டப்பவும் இந்தத் தூணுகிட்டதான் ஒக்கார வச்சானுவ" என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்.

சப் இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "பிரிய்யா" என்றார். ஒரு ஏட்டு அரிவாளால் துணியைக் கிழித்து, சாணியை உடைத்து, பிரியை அறுத்தார். அப்பாவின் கட்டு லேசில் விடுமா? வைக்கோல் வந்துகொண்டே இருந்தது. சன்னல் கம்பிகளில் முகமாக இருந்தது. கடைசி வைக்கோலை விலக்கியதும் உள்ளே கருப்பாகப் பளபளவென்று ஒரு முகம். மஞ்சளாகச் சந்தனம், நடுவில் ரத்தச் சிவப்பாகக் குங்குமம், இரண்டு கண்.

ஏட்டு அரிவாளைக் கீழே போட்டார். செருப்பை உதறினார். "தாயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சன்னலுக்கு வெளியே யாரோ ஒரு அம்மா குலவையிட, இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். சப் இன்ஸ்பெக்டரே தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார். "சார், அது எங்க கடை கேமராங்க."

தொப்பி மறுபடி தலைக்கு ஏறியது. "யோவ், நீ பாயி. ஒன் கேமராவுக்கு எதுக்குய்யா குங்குமம்?"

"ஆயுத பூசைங்க. எனக்கு இல்லன்னாலும் அதுக்கு உண்டுல்லங்க?"

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சிலை பிடிபட்டதாக சப் இன்ஸ்பெக்டர் மேலதிகாரிக்குப் போன் போட்டுவிட்டார். அங்கிருந்து பாராட்டும் வந்துவிட்டது. பாராட்டைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? "விசாரிக்கணும். பொருள் இருக்கட்டும்" என்றார். கும்பிட்ட ஏட்டு மட்டும் கேமராவைத் தரையில் வைக்க விடாமல் மேசைமேல் ஏற்றி வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டதை அவரால் திரும்ப எடுக்க முடியவில்லை.

ஒன்றியம் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. தேர்தலுக்கு முன்னால் அப்பா அவருக்கு "அண்ணே", தேர்தல் முடிந்தால் "என்னப்பா". அன்று தேர்தல் எதுவும் இல்லை, ஆனாலும் அப்பாவை "அண்ணே" என்றார். அதிலேயே எனக்குப் புரிந்துபோயிற்று. "நம்ம ஆளு சார். ஏழைக் குடும்பம். விட்டுருங்க." ஒரே வாக்கியம். விட்டுவிட்டார்கள். பிறகு அப்பாவின் தோளில் கைபோட்டார். என் நினைவில் அந்தத் தோளை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

"தை பொறந்ததும் பத்திரத்த முடிச்சுருவோம்ணே. பாப்பாவுக்கு ஆர்டர் ரெடியா இருக்கு."

அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "சரிங்கய்யா" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அடிவாங்கியபோது விடாத நிலத்தை, ஒரு "அண்ணே"க்கு விட்டுவிட்டார். போதாததற்கு ஒன்றியம் கேமராவைக் கையில் ஏந்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அந்தப் போட்டோ பேனர் வேலைக்கு என்னிடமே வந்தது. 'ஏழைமகளின் ஏற்றுமதியைக் காத்த ஏந்தலே' என்று எழுதி, அவர் தலையை உரிய அளவில் நானே வைத்தேன். சம்பளத்துக்கு வேலை செய்கிறவளுக்கு வேறு வழி என்ன?

கேமராவை அதன் தோலுறையில் போட்டு, தஞ்சாவூர் போய் வாங்கி வந்த பபுள் ஷீட்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினேன். தோலுறையில் போட்டுக் கொடுத்தது அப்பா. அதன்பிறகு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் எங்கள் வீட்டில் இலவச டிவி மட்டும்தான் பேசியது.

பத்திரப் பதிவுக்கு முதல்நாள் ஜெர்மன்காரரிடமிருந்து மெயில் வந்தது. கேமரா பழுதில்லாமல் முன்னமே வந்துவிட்டதாம். உடம்பு சரியில்லாமல் இருந்ததால் உடனே எழுத முடியவில்லையாம். மற்றவற்றையும் அனுப்பச் சொல்லியிருந்தார். சிவப்புப் பொட்டைத் துடைக்கவில்லை, அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அப்புறம், கேமராவின் தோலுறைக்குள் ஒரு கைப்பிடி தானியம் இருந்தது, என்னவென்று தெரியாததால் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன் என்று ஒரு படமும் வைத்திருந்தார். அதைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"என்னப்பா செஞ்சு வச்சீங்க?"

"பொறந்த வீட்டுக்குப் போறத வெறுமன அனுப்பக் கூடாதுன்னு, பொண்ணு மடியில கட்டி விடுற மாதிரி ஒரு பிடி வெதநெல்லு போட்டேன். ஏன், கோவிச்சுக்கிட்டானா?"

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விதை அனுப்புவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சாமியா என்று எல்லாரும் பார்த்த கேமராவோடு, நெல் போகிறதா என்று யாருமே பார்க்கவில்லை.

அப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே பனி. உள்ளே ஒரு மண்சட்டி, அதில் பச்சைப் பசேலென்று எங்கள் வயலின் பொன்மணி நெல் நாற்று.

"ரொம்ப நெருக்கமா விட்டுருக்கான். பறிச்சுத் தனித்தனியா நடச் சொல்லு." மறுபடி படத்தைப் பார்த்துக் கேட்டார். "இவனுக்கு நெலம் எவ்வளவு?"

"நெலமே கெடையாதாம்ப்பா. நாலாவது மாடில வாடகைக்கு இருக்காராம். சன்னலோரம்தான் எடமாம்."

அப்பா படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

காலையில் ஒன்றியத்தின் கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு வயலுக்குப் போனேன். அறுப்புக்குச் சாய்ந்து நின்ற கதிருக்குள் இறங்கி, இடுப்பில் வைத்த ஓலைப்பெட்டியிலிருந்து, நெல் அறுத்தபின் அதே ஈரத்தில் வளரும் உளுந்தைத் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கார் வந்துருக்கு."

"இன்னைக்கு உளுந்து தெளிக்கிற வேல இருக்குன்னு சொல்லு."

"நாளைக்கு வருவாங்க."

"நாளைக்கு அறுப்பு."

"அதுக்கு அடுத்த நாளு?"

அவர் தெளிப்பதை நிறுத்தினார். "ஒருத்தன் காலு வைக்க மண்ணு இல்லாம, கைப்பிடி வெதயத் தூக்கிப் போட மனசில்லாம சட்டில போட்டு வச்சுருக்கான். நான் மண்ண வித்து ஒனக்கு முட்ட அவிக்கிற வேல வாங்குறதா? போயி சொல்லு போ."

ஓடினேன். மஞ்சள் கல்லில் கால் இடறி ரத்தம் வந்ததுகூட வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. ஒன்றியம் காரில் உட்கார்ந்தபடியே கண்ணாடியை இறக்கினார். "என்ன பாப்பா, அப்பா கெளம்பிட்டாரா?"

"அப்பாவுக்கு வேல இருக்குங்க" என்றேன்.

அன்று ஸ்டுடியோவில் அவருடைய பொங்கல் வாழ்த்து பேனர் திரையில் காத்திருந்தது. அவர் தலையை ஒரு நூல் குறைத்தேன். பிறகு ஜெர்மனிக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன்: நாற்றைப் பறித்துத் தனித்தனியாக நடவும், அப்பா சொல்லச் சொன்னார்.